பெட்டியா, ஃபைலா, டப்பாவா, ஃபோனா? கடற்கரை வீட்டுக் காகிதங்களுக்கு எது தோது

போன மாதம் பக்கத்து வீட்டு மதினி ஒரு துணிக்கடைப் பையைக் கொண்டுவந்து எங்கள் திண்ணையில் கவிழ்த்தார். உள்ளே இருந்தது அத்தனையும் காகிதம். கரண்ட் பில், ஆஸ்பத்திரிச் சீட்டு, நகைக்கடன் ரசீது, பிள்ளைகளின் மார்க் ஷீட், மூன்று வருடத்துக் கல்யாணப் பத்திரிகைகள். மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கு மறுநாள் கடைசி நாள். சாதிச் சான்றைக் காணோம். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் தேடினோம். கடைசியில் ஒரு பத்திரிகைக் கவருக்குள் மடிந்து கிடந்தது.

மூச்சு வாங்கிக்கொண்டு அவர் கேட்டார்: "இதுக்கு ஒரு பெட்டி வாங்கவா, ஃபைல் வாங்கவா? இல்ல, எல்லாத்தையும் ஃபோன்ல ஏத்திட்டுப் பேசாம இருந்திரலாமா?" பள்ளிக்கூட வாசலில் காத்திருக்கும்போது மற்ற அம்மாக்களும் இதையேதான் கேட்கிறார்கள். ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் ஏழு பேர் இருக்கிற வீட்டின் காகிதங்களைப் பதினாறு வருடமாகப் பார்த்துக்கொள்கிறவள் என்ற முறையில், நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

அழகாக அடுக்கியிருக்கிறதா என்பதை நான் பார்ப்பதே இல்லை. பார்ப்பது நான்கு விஷயம்.

முதலாவது, அலைச்சல். ஒரு காகிதம் தொலைந்தால் திரும்ப வாங்க எத்தனை நாள் அலைய வேண்டும்? வீட்டுப் பத்திரத்தின் அசல் தொலைந்தால் போலீஸில் புகார், பேப்பரில் விளம்பரம், சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் என்று மாதக்கணக்கில் இழுக்கும். கையில் வருவதும் நகல்தான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும் கிட்டத்தட்ட அப்படியே. ஆதாரோ ரேஷன் கார்டோ தொலைந்தால், பதிவு செய்த ஃபோன் நம்பர் உயிரோடு இருக்கிற வரை இ-சேவை மையத்தில் மறுபடி எடுத்துவிடலாம். கட்டி முடித்த கரண்ட் பில் தொலைந்தால் அலைச்சலே கிடையாது. நம் வீடுகளில் இந்த மூன்றும் ஒரே பையில் கிடக்கின்றன. பாதிக் குழப்பம் அதனால்தான்.

இரண்டாவது, யார் எடுப்பார்கள்? இந்தக் கரையில் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். காகிதத்தை அடுக்கி வைத்த ஆள் வீட்டில் இல்லாத நேரத்தில்தான் அதற்குத் தேவை வரும். ஆண்கள் கடலுக்குப் போன இரவில், படகை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது என்று தகவல் வந்தால், ஆதார் நகல், மீனவர் அடையாள அட்டை, படகுப் பதிவுச் சான்று எல்லாவற்றையும் அந்த நேரத்திலேயே கேட்பார்கள். பின்னால் அங்கே கோர்ட்டில் படகைக் கேட்டு நிற்கவும் உரிமையாளருக்கு அந்தச் சான்று வேண்டும். வீட்டில் இருப்பது மாமியாரும் பிள்ளைகளும் மட்டும் என்றால், அவர்களால் எடுக்க முடிகிற இடத்தில் அது இருக்க வேண்டும்.

மூன்றாவது, உப்புக்காற்றும் ஈரமும் பூச்சியும். காற்றில் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நிற்கும் இடங்களில் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். நம் கரையில் வருடத்தில் பெரும்பகுதி அப்படித்தான். ராமபாணப் பூச்சிக்கும் அந்த ஈரம்தான் பிடிக்கும்.

நான்காவது, தூக்கிக்கொண்டு கிளம்ப முடியுமா? 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அன்று எங்கள் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். ஒரு இடுப்பில் குழந்தை, இன்னொரு கையில் எதை எடுக்க முடியுமோ அதுதான் நம்மோடு வரும்.

## தகரப் பெட்டியும் பீரோவும்

பெரியவர்களின் நம்பிக்கை இதில்தான். பூட்டு உண்டு, எலி வராது, எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். எங்கள் மாமனார் காலத்தில் பத்திரங்களை மஞ்சள் துணியில் சுற்றி, கூடவே ஒரு துண்டு வசம்பு போட்டு, பனை ஓலைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு வந்தது தகரப் பெட்டி. துணியில் சுற்றும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டோம். அதுதான் தப்பாகப் போனது. பருத்தித் துணி ஈரத்தைத் தான் வாங்கிக்கொண்டு காகிதத்தைக் காப்பாற்றும். வெறும் தகரத்துக்குள் காகிதம் நேராகக் கிடந்தால் அந்த ஈரத்தைக் காகிதமே குடிக்கும்.

இதன் மறைமுகச் செலவு துரு. சிமெண்ட் தரையில் நேராக வைத்த பெட்டிக்கு அடிப்பக்கம்தான் முதலில் அரிக்கும். மேலே பெயிண்ட் பளபளவென்று இருப்பதால் நமக்குத் தெரியாது. பெட்டி துருப்பிடிக்கும் முன்பே உள்ளே இருக்கிற ஜெம் கிளிப்பும் ஸ்டேப்ளர் பின்னும் துருப்பிடித்துவிடும். என் மூத்த மகனின் பிறப்புச் சான்றில் ஜெம் கிளிப்பின் உருவம் அப்படியே பழுப்பாகப் பதிந்திருக்கிறது. இரண்டு வளைவும் ஒரு நேர்க்கோடுமாகச் சரியாகப் பதிவு எண்ணின் மேல். கிளிப்பை எடுக்கும்போது அந்த இடத்தில் தாள் பொடிந்து கையோடு வந்தது. அன்று முதல் எங்கள் வீட்டில் அசல் காகிதத்துக்கு உலோகம் எதுவும் கிடையாது. சேர்த்து வைக்க வேண்டும் என்றால் நூல் டேக், இல்லையென்றால் ஒரு காகித உறை.

இன்னொரு குறை ஆழம். தேவைப்படும் காகிதம் எப்போதும் அடியில்தான் இருக்கும். மேலே இருப்பதையெல்லாம் எடுத்து வெளியே வைப்போம், திரும்ப அடுக்கும்போது வரிசை மாறிவிடும். நிறைந்த பெட்டியை ஒரு ஆளால் தூக்கவும் முடியாது.

இருந்தாலும் சில வீடுகளுக்கு இதுவே சரி. பூர்வீக நிலம், பழைய பாகப்பிரிவினை, மூலப்பத்திரம் என்று வருடத்துக்கு ஒரு முறைகூட எடுக்காத காகிதம் நிறைய இருந்து, மாடி அறையோ உயரமான பரணோ இருந்தால் தாராளமாகப் பெட்டியில் வைக்கலாம். அடியில் இரண்டு மரக்கட்டை, உள்ளே பழைய வேட்டித் துணி. அந்துருண்டை போட்டால் ஒரு துணியில் முடிந்து ஓரமாகப் போடுங்கள், காகிதத்தின் மேல் படக்கூடாது.

## பிளாஸ்டிக் உறை ஃபைல்

ஸ்டேஷனரிக் கடையில் டிஸ்ப்ளே ஃபைல் என்று கேட்டால் கொடுப்பார்கள். புத்தகம் மாதிரி புரட்டலாம். ஆளுக்கு ஒன்று, ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகூடத் தன் ஃபைலைத் தானே எடுத்து வரும். தேடும் நேரத்தை இது மாதிரி மிச்சம் பிடிப்பது வேறு எதுவும் இல்லை.

ஆனால் உறையைப் பார்த்து வாங்க வேண்டும். விலை குறைந்த பிவிசி உறையில் ஜெராக்ஸ் நகலை வைத்து இரண்டு கோடை போனால், எழுத்து தாளை விட்டு உறையில் ஒட்டிக்கொள்ளும். என் நாத்தனாரின் மதிப்பெண் நகலை உருவி எடுத்தபோது தாளில் பாதி வெள்ளை. பிளாஸ்டிக்கில் பெயரும் எண்களும் இடம் வலமாகத் தெரிந்தன. அசலும் அதே பக்கத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் நினைத்துக்கொள்வேன். முகர்ந்து பார்த்தால் புது மழைக்கோட்டு வாசம் அடித்து, தொட்டால் பிசுபிசுவென்று இருந்தால் அது பிவிசி. கொஞ்சம் சரசரவென்று, மங்கலாக இருப்பது பாலிபுரொப்பிலீன். அதை வாங்குங்கள். ஏடிஎம் சீட்டு, பெட்ரோல் பில் மாதிரி வெப்பத்தில் அச்சாகும் தாள்கள் பிவிசியில் பட்டால் இன்னும் சீக்கிரம் வெளுத்துவிடும். வாரண்டிக்கு வேண்டிய பில் அந்தத் தாளில் இருந்தால் அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைக்க வேண்டும்.

அளவும் கவனம். முத்திரைத்தாள் ஏ4-ஐ விட நீளம். ஏ4 ஃபைலில் வைத்தால் மடிக்க வேண்டும். மடித்த இடத்தில்தான் பத்திரம் கிழியும். பத்திரத்துக்கு லீகல் சைஸ் ஃபைல்தான்.

இதில் பெரிய ஆபத்து வேறு. ஃபைல் சுளுவாக இருப்பதால் அசலோடு அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். ஜெராக்ஸ் மெஷினுக்குள் அசலை மறந்துவிட்டு பஸ் ஏறியவர்களை எனக்குத் தெரியும். ராமநாதபுரம் போய் ஊர் திரும்பினால் ஒரு நாள் வேலை போச்சு. மறுபடி போனால் இன்னொரு நாள்.

## கிளிப் டப்பா, உள்ளே ஜிப் பைகள்

மூடியின் உள்பக்கம் ரப்பர் வளையம் வைத்து, நான்கு பக்கமும் கிளிப் போடுகிற பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஆளுக்கு ஒரு ஜிப் பை. மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகு நான் மாறியது இதற்குத்தான். டப்பாவுக்கு 450 ரூபாய் ஆயிற்று, பைகள் தனி. கைப்பிடி வைத்ததாகப் பார்த்து வாங்கினேன்.

பலம் என்னவென்றால், உப்புக்காற்று உள்ளே வராது, துரு கிடையாது, ஒரு கையால் தூக்கலாம். குறையும் அந்த இறுக்கத்தில்தான் இருக்கிறது. ஐப்பசி மழையில் நனைந்த காற்றோடு மூடினால் அந்த ஈரம் உள்ளேயே நிற்கும். நான் பங்குனி, சித்திரையில் ஒரு நல்ல வெயில் நாளில் எல்லாவற்றையும் எடுத்து, நிழலில் மின்விசிறிக்குக் கீழே இரண்டு மணி நேரம் பரப்பிவிட்டு அடுக்குவேன். நேர் வெயிலில் காயப்போடக் கூடாது, மை வெளுக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அப்போது வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். எந்தப் பையில் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் ஒரு முறை காட்டிவிடவும் அது நல்ல சமயம். செருப்புப் பெட்டி, கைப்பைகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து நான்கைந்தை உள்ளே போடலாம். பிள்ளைகள் கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எலி கடிக்கும், பூட்டு கிடையாது, நெருப்புக்குத் தாங்காது. கிளிப் சில வருடத்தில் உடையும். அதனால் டப்பாவை பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டுகிறேன். மழை எச்சரிக்கை வந்தால் மட்டும் வெளியே வரும்.

## ஃபோனும் டிஜிலாக்கரும்

இளைய பிள்ளைகள் இதோடு போதும் என்பார்கள். பாதி உண்மை. ஆவணங்களை ஃபோனிலேயே வைத்துக்கொள்ள அரசு கொடுக்கிற செயலியான டிஜிலாக்கர் 2015-இல் வந்தது. அதற்கான அரசு விதிகளில் 2017-இல் சேர்த்த 9ஏ விதிப்படி, அரசுத் துறையோ வாரியமோ தானே அதில் வழங்கிய ஆவணம் அசலுக்குச் சமம். ஓட்டுநர் உரிமம், வண்டி ஆர்சி, மார்க் ஷீட் எல்லாம் அப்படிக் கிடைக்கும். ஆனால் நாமே ஃபோட்டோ எடுத்து ஏற்றி வைத்தது வெறும் ஃபோட்டோதான். அதற்கு அந்த மதிப்பு இல்லை. இரண்டும் ஒரே செயலியில் இருப்பதால் பலர் குழம்பிப்போகிறார்கள். முத்திரைத்தாளில் எழுதிய பழைய பத்திரத்தை எத்தனை ஃபோட்டோ எடுத்து வைத்தாலும் பேங்கில் கடன் கேட்டால் அசல்தான் கேட்பார்கள்.

ஓடிபி இன்னொரு சிக்கல். ஆதாரில் பதிந்த நம்பர் எப்போதோ ரீசார்ஜ் செய்யாமல் போன சிம் என்றால் கதவே திறக்காது. வளைகுடாவில் இருப்பவர்கள் ஊர் நம்பரை உயிரோடு வைத்திருக்க மாதாமாதம் கட்டுகிற ரீசார்ஜும் இந்த வழியின் செலவுதான். புயல் அடித்து கரண்ட்டும் டவரும் போய்விட்டால் அன்றைக்கு ஃபோனை நம்ப முடியாது. கடலுக்குப் போகிறவர்களின் ஃபோன் எத்தனை தடவை தண்ணீரில் போகிறது என்பது நமக்கெல்லாம் தெரியும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுக்க ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், வேலை முடிந்ததும் அங்கேயே நின்று கம்ப்யூட்டரிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். சங்கடப்பட வேண்டாம். ஒரு நாள் கடையில் வடை கட்டிக் கொடுத்த தாளைப் பிரித்துப் பார்த்தால் யாரோ ஒரு அம்மாவின் ஆதார் நகல், ஃபோட்டோவோடு. எண்ணெய் ஊறி முகம் தெரிந்தது. அன்று முதல் வேண்டாத நகலை நான் பழைய பேப்பரோடு போடுவதில்லை. கிழித்து அடுப்பில் போட்டுவிடுவேன்.

## ஒரே பார்வையில்

| | தகரப் பெட்டி | உறை ஃபைல் | கிளிப் டப்பா | ஃபோன் |
|---|---|---|---|---|
| எதற்குத் தோது | எப்போதாவது எடுக்கும் பத்திரம் | நகல்கள், மார்க் ஷீட் | எல்லா அசலும் | உடனே காட்ட, நகல் அனுப்ப |
| வேறு ஆள் எடுக்க | சிரமம் | மிகச் சுலபம் | சுலபம் | பின் நம்பர் தெரிந்தால்தான் |
| உப்பு, ஈரம் | துரு | மேல்பக்கம் திறப்பு, ஈரம் ஏறும் | காயவைத்து மூடினால் நல்லது | காகிதமே இல்லை |
| தூக்கிக் கிளம்ப | இரண்டு ஆள் | சுலபம், ஆனால் நனையும் | ஒரு கை | பாக்கெட்டில் |
| மறைமுகச் செலவு | மரக்கட்டை, துணி, துரு | நல்ல உறை, அசல் தொலையும் ஆபத்து | வருடம் ஒரு நாள் வேலை | ரீசார்ஜ், ஓடிபி, டவர் |

## தினமும் வந்து சேரும் காகிதம்

மேலே சொன்ன நான்கும் இதற்கு உதவாது. ஃபீஸ் ரசீது, பள்ளிச் சுற்றறிக்கை, மருந்துச் சீட்டு, பத்திரிகை. இதற்கு வாசல் பக்கம் ஆணியில் ஒரு துணிப்பை போதும். வீட்டுக்குள் நுழைகிற காகிதம் அதற்குள் போகட்டும். மாதக் கடைசியில் ஒரு நாள் கொட்டிப் பிரிக்க பத்து நிமிடம் ஆகும். பாஸ்புக்கில் பதிந்த பேங்க் சீட்டு, கட்டி முடித்த கரண்ட் ரசீது, தேதி போன வருமானச் சான்று இதெல்லாம் கழியும். வீட்டு வரி ரசீதும், கடன் முடிந்ததற்குக் கொடுத்த கடிதமும் மட்டும் கழியவே கூடாது. கடன் முடிந்து பல வருடம் கழித்தும் அந்தக் கடிதத்தைக் கேட்பார்கள்.

## எந்த வீட்டுக்கு எது

படகு வைத்திருக்கிற வீட்டுக்கு கிளிப் டப்பாவைத்தான் சொல்வேன். கூடவே ஒரு தனி ஜிப் பை: படகுப் பதிவு, இன்சூரன்ஸ், மீனவர் அட்டை, எல்லோருடைய ஆதார் நகல் இரண்டு செட். அந்தப் பையை மட்டும் டப்பாவின் மேலேயே வையுங்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் போல வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளில் முதலில் சொல்வது, சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். வெளிநாட்டு வேலைக்குச் சான்றொப்பம் வாங்கும்போது அசலின் மேலேயே முத்திரை குத்துவார்கள். லேமினேட் செய்திருந்தால் குத்த முடியாது, உரித்தால் தாளும் சேர்ந்து வரும். பாதுகாப்பு என்று நினைத்து ஆசையாகச் செய்த காரியம் அப்படி வினையாவதைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும். இந்த வீடுகளுக்கு நல்ல உறை ஃபைலும் டிஜிலாக்கரும் சேர்ந்தே வேண்டும், அசல் டப்பாவில்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற பிள்ளை இருந்தால் அந்த ஒரு வருடத்துக்கு ஃபைல்தான் ராஜா. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, மார்க் ஷீட் நகல்கள் ஐந்து செட். அசலைக் காட்ட வேண்டிய அன்று மட்டும் எடுத்துப்போய், வீட்டுக்கு வந்த கையோடு டப்பாவில் வைத்துவிட வேண்டும், சாப்பாட்டுக்கு முன்னால்.

வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீட்டில் பழைய பெட்டியை மாற்றச் சொல்லி நச்சரிக்காதீர்கள். அவர்களுக்குக் கை பழகிய இடம் அது. துணி சுற்றி, உயரமாக வைத்துக் கொடுத்து, ஒரு செட் நகலைப் பரமக்குடியிலோ மதுரையிலோ இருக்கிற பிள்ளை வீட்டில் வைத்தால் போதும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், டப்பாதான்.

மதினிக்கும் கடைசியில் டப்பாவும் இரண்டு ஃபைலும் வாங்கினோம். எங்கள் வீட்டு ஜிப் பைகளில் நான் பெயர் எழுதி ஒட்டியிருந்தேன். மாமியாருக்கு எழுத்து தெரியாது என்பதை யோசிக்கவே இல்லை. அப்புறம் அவர் பேத்தியின் தலை ரிப்பன்களை வெட்டி ஜிப்பில் கட்டினேன்: மாமாவுக்குப் பச்சை, என் வீட்டுக்காரருக்கு நீலம், படகுக்குச் சிவப்பு. போன வாரம் நான் மண்டபத்தில் இருந்தபோது சங்கத்திலிருந்து படகு இன்சூரன்ஸ் கேட்டு ஆள் வந்திருக்கிறார். ஃபோன் செய்தேன். "அத்தை, சிவப்பு ரிப்பன்" என்று ஆரம்பிப்பதற்குள், "எடுத்துக் குடுத்து, ஜெராக்ஸும் போட்டுட்டு வந்தாச்சு. திரும்பப் பையில வச்சுப் பூட்டிட்டேன்" என்றார்.